மைவி விலைக்கு ஒரு பென்சு, மருமவனே!

வாங்கு மருமவனே, கண்டிப்பா வாங்கு. நம்ம வம்சத்துல பென்சுக் காடியக் கழுவுனவன் இருக்கான், தொரையோட பென்சுக்குக் கதவு தொறந்துவிட்டவன் இருக்கான், மழையில நின்னுபோனப்ப பின்னாடி நின்னு தள்ளுனவன் இருக்கான், அது நான்தான். கிரான்ட்ல ஓனர்னு பேரு போட்டவன் மட்டும் இன்னும் பொறக்கலையேன்னு ஒரு குறை இருந்துச்சு. ஒங்கம்மா போன்ல, "நீயாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுண்ணே"ன்னு அழுவுறா. சொல்றேன். ஆனா வேணாம்னு மட்டும் சொல்ல மாட்டேன். வேணாம்னு சொல்லி இந்தக் குடும்பத்துல யாரும் எதையும் நிறுத்துனதா சரித்திரமே இல்ல, ஒங்கப்பன் கல்யாணம் உள்பட.

என்ன காடின்னு விசாரிச்சேன். இ-250 சி.ஜி.ஐ., டபிள்யூ 212 பாடி, 2011 மாடலு, கறுப்புக் கலரு. பாகாங்ல பெக்கான் ஃபேக்டரியில பூட்டுனது. புதுசுல மூணு லட்சம் வெள்ளிக்கு மேல குடுத்து யாரோ ஒரு டத்தோ எடுத்திருப்பாரு. இப்ப ஒனக்குப் புது மைவி விலைக்குக் கெடைக்குதாம். "மைவி எடுக்குற காசுல பென்சே வருது மாமா"ன்னு குளுவாங் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுற. கணக்கு சரிதான். கெழட்டு ஆனை பாதி விலைக்கு வரும். அது திங்கிற கரும்பு முழு விலைக்குத்தான் வரும். காடி விலைதான் வருசா வருசம் எறங்குச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் மூணு லட்சம் வெள்ளிக் காடியோட ஸ்பேர் பார்ட்ஸாவேதான் பொட்டிக்குள்ள ஒக்காந்திருக்கு. அதுக்கு ஒன் சம்பளம் தெரியாது.

"ரோட் டெக்ஸும் கம்மி மாமா"ன்னு வேற பெருமை. நெசந்தான். ஜே.பி.ஜே. நட்சத்திரத்தைப் பாத்து வரி போடுறதில்ல, சிசியப் பாத்துப் போடுது. ஒன் காடி 1796 சிசி, வருசத்துக்கு 278 வெள்ளி 40 சென். இன்னொரு வேடிக்கை கேளு. இப்ப வர்ற சி-200க்கு ஒண்ணரை லிட்டர் இன்ஜின்தான். அதுக்கு ரோட் டெக்ஸ் 90 வெள்ளி. 1.6 பெர்சோனா ஓட்டுற வாத்தியாருக்கும் அதே 90 வெள்ளி. பெட்ரோலும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 30ல பூடி 95 மானியம் வந்தப்ப ஐசியக் காட்டுனா லிட்டர் 1 வெள்ளி 99 சென்னு ஆரம்பிச்சாங்க. பின்னாடி நிக்கிறது பென்சா கஞ்சிலான்னு பெட்ரோல் மிஷின் கேக்குறதில்ல. இவ்வளவு சலுகை கண்ணுக்கு முன்னாடி தெரியும்போதே நீ உஷாராகியிருக்கணும். காடியில எது கம்மியோ அதைத்தான் விக்கிறவன் மொதல்ல சொல்லுவான்.

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இந்தக் காடிய எப்ப ஓட்டப் போற? ஒனக்கு வேலை சிங்கப்பூர் துவாஸ்ல. விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு, ரெயின்கோட்டு மாட்டி, மோட்டர்ல ரெண்டாம் பாலத்தைப் புடிக்கிற. திரும்பி ஸ்கூடாய் வந்து சேரும்போது பிள்ளைங்க தூங்கிடுது. ஆக, திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் பென்சு தாமான் வீட்டு வாசல்ல வெயில் காயும், நீ பாலத்து மேல மழையில நனைவ. சும்மா நிக்கிறதால செலவு இல்லேன்னு நெனைக்காதே. அந்தக் காடிக்குள்ள கம்ப்யூட்டர் ஏகப்பட்டது. தூங்குறப்பவும் பேட்டரிய உறிஞ்சிக்கிட்டுத்தான் தூங்கும். நம்ம ஊரு வெயில்ல ரப்பர் காயும், பிளாஸ்டிக் ஓஸ் மொறுமொறுன்னு ஆகும், இன்ஜின் மௌன்டிங் உள்ள இருக்குற எண்ணெய் கசிஞ்சு எறங்கிடும். ஸ்டீரிங் மேல கைய வெச்சா பல்லு வரைக்கும் அதிரும். அப்ப "ஸ்போர்ட்ஸ் மோடு மாமா"ன்னு என்கிட்டயே சொல்லுவ.

சரி, மரியாதைக்குத்தான் வாங்குறேன்னு ஒத்துக்கோ, தப்பில்ல. ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயில் வாசல்ல நிப்பாட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, பூசணிக்கா ஒடைச்சு, குருக்கள் கையால சந்தனம் வெச்சுக்கணும். ஒன் பெரியப்பன் மகன் அல்சாவ எங்க நிறுத்துறதுன்னு தெரியாம முழிக்கணும். அதுக்கெல்லாம் ஒரு விலை உண்டுதான். நம்பர் பிளேட்டு மட்டும் ஃபேன்சியா வேணும்னு அடம் புடிக்காதே. 2012ல டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1 நம்பரை நம்ம ஜொகூர் சுல்தான் 5,20,000 வெள்ளிக்கு எடுத்தாரு. அது அரண்மனைக்கு அழகு. நீ எடுக்குற நம்பர் விலைக்கு நாலு அப்சோபர் மாத்தலாம். மாத்த வேண்டியும் வரும்.

வாரண்டிக்கு வருவோம். இதுக்கு நான் மூக்குக் கண்ணாடி போட்டுக்கணும்.

புதுக் காடின்னா இங்க மெர்சிடிஸ்காரன் 4 வருசம் குடுக்குறான், பி.எம்.டபிள்யூ.காரன் 5 வருசம், எத்தனை கிலோமீட்டர் ஓடுனாலும் சரின்னு. ஒன் காடிக்கு அந்த வாரண்டி இருந்துச்சு. டத்தோ அனுபவிச்சு முடிச்சுட்டாரு. பெரிய மனுசங்க எதனால வாரண்டி முடியுற சமயமாப் பாத்துக் காடி மாத்துறாங்கன்னு நெனைக்கிற? காடி மேல ஆசை கொறைஞ்சு இல்ல, கணக்கு மேல ஆசை கொறையாததால. அந்தக் காலத்துலகூட பிரேக் பேடு, வைப்பர், டயர் எல்லாம் அவரு கைக்காசுதான். வெளியில சர்வீஸ் பண்ணி ஏடாகூடமானாலோ, எக்ஸாஸ்ட்ட வெட்டி ஒட்டி வயரைப் பிரிச்சிருந்தாலோ, "இது எங்க தப்பில்ல டத்தோ"ன்னு கும்பிட்டு அனுப்பியிருப்பான்.

ஒனக்குக் கெடைக்கிறது செகண்ட் ஹேண்ட் கடைக்காரன் குடுக்குற வாரண்டி. நீ வாட்சப்புல அனுப்புன சீட்டைப் பெருசு பண்ணிப் படிச்சேன். மேல தங்கக் கலர்ல 'ஒரு வருட வாரண்டி'. நீ அதோட நிறுத்திட்ட. கீழ பொடி எழுத்து ஆரம்பிக்குது: இன்ஜினும் கியர்பாக்ஸும் மட்டும். அதுலயும் உள்ள எண்ணெய் படுற பாகம் மட்டும். சீல், கேஸ்கெட், ஓஸ், சென்சார், வயரிங், கம்ப்யூட்டர் சேராது. இன்ஜின் சூடேறி வெந்துபோனா சேராது. தேய்மானத்தால வந்தது சேராது. அவங்க சொல்ற இடத்துல, அவங்க சொல்ற கிலோமீட்டருக்கு எண்ணெய் மாத்தியிருக்கணும். ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒப்புதல் வாங்கணும். பிரிச்சுப் பாக்குற கூலி ஒன்னோடது. அப்புறம் ஒரு கிளெய்முக்கு இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு. பதினாலு வருசக் காடியில தேயாம இருக்குறது அந்த வாரண்டிச் சீட்டு ஒண்ணுதான் மருமவனே. லேமினேட் பண்ணி வெச்சுக்கோ.

"அப்ப ரீகான் எடுத்துக்கிறேன் மாமா, ஜப்பான்காரன் பூப்போல ஓட்டியிருப்பான்"னு அடுத்து ஆரம்பிப்ப. ஓட்டியிருப்பான்தான். ஆனா ஏ.பி. பெர்மிட்டுல வெளியிலேருந்து வர்ற காடிக்கு இங்கத்த கம்பெனி தானா வாரண்டி குடுத்துடாது. அதையும் கடைக்காரன் சீட்டுதான் காப்பாத்தணும். ஜப்பான் ஏலத்துல குடுத்த ஆக்‌ஷன் ரிப்போர்ட்டைக் கேளு. அதுல நாலரை, நாலுன்னு மார்க் போட்டிருந்தா சரி. 'ஆர்'னு ஒரு எழுத்து இருந்தா, அடிபட்டு ஒட்டுப்போட்ட ஒடம்பு. ரிப்போர்ட்டு தொலைஞ்சு போச்சுன்னு கடைக்காரன் சொன்னா, நீயும் ஒன் டெப்பாசிட்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு வந்துடு.

சட்டம் இல்லையான்னு கேப்ப. இருக்கு. 1999ஆம் வருசத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 32ஆம் பிரிவு: விக்கிற பொருள் ஏத்துக்கத்தக்க தரத்துல இருக்கணும். காகிதத்துல கெடக்குற சட்டம்னு நெனைக்காதே. சிலாங்கூர்ல தண்ணிச் சப்ளை பாத்த பூஞ்சாக் நியாகா கம்பெனி ஒரு பென்சு எஸ்-350 எல் எடுத்துச்சு. புத்தம் புதுக் காடி, கோளாறு மேல கோளாறு. கேசு போட்டப்ப, "கம்பெனி எப்படிப் பயனீட்டாளர் ஆகும்?"னு வித்த தரப்பு வாதாடுச்சு. ஹைக்கோர்ட்டுல தோத்த கம்பெனி, 2011ல அப்பீல் கோர்ட்டுல ஜெயிச்சுது. கம்பெனியும் பயனீட்டாளர்தான், அந்தக் காடி ஏத்துக்கத்தக்க தரத்துல இல்லேன்னு தீர்ப்பு. எனக்கு அந்தக் கேசுல ரொம்பப் புடிச்சது என்னன்னா, எஸ்-கிளாஸும் ரோட்டுல நிக்கும்னு மூணு நீதிபதிங்க ஒக்காந்து கேட்டுக்கிட்டாங்க. இனிமே ஒன் காடி நின்னா வெக்கப்படாதே.

அந்தக் கம்பெனிகிட்ட வக்கீலுக்குக் காசு இருந்துச்சு. ஒனக்கு இருக்கவே இருக்கு பயனீட்டாளர் டிரிபியூனல். அஞ்சு வெள்ளி கட்டி மனுக் குடுக்கலாம், வக்கீல் கெடையாது, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் காசுல நியாயம். ஆனா சட்டம் வியாபாரியத்தான் புடிக்கும். "கூட்டாளியோட மச்சான் காடி மாமா, டைரக்ட் ஓனர், ரெண்டாயிரம் கம்மி"ன்னு சொன்னியே, அந்த மச்சான் வியாபாரி இல்ல. நாளைக்கு இன்ஜின் வெடிச்சா டிரிபியூனல் கேக்காது. கூட்டாளியும் போன் எடுக்க மாட்டான்.

நீ தெனம் போற அக்கரையப் பாரு. சிங்கப்பூர்ல 2012 செப்டம்பர்லேருந்து லெமன் சட்டம்னு ஒண்ணு. வாங்கி ஆறு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா, விக்கிறப்பவே அது இருந்ததுன்னு எடுத்துக்குவாங்க. இல்லேன்னு நிரூபிக்க வேண்டியது வித்தவன் பாடு. பழைய காடிக்கும் சேத்துத்தான். அங்க பத்து வருசத்துல சி.ஓ.இ. முடிஞ்சா காடிய ஒண்ணு கழிச்சுக் கட்டணும், இல்ல மறுபடி பணத்தைக் கொட்டணும். அவன் பத்து வயசுல வழியனுப்பி வெக்கிற காடிய நீ பதினாலு வயசுல பொண்ணு பாக்கப் போற. இன்னொண்ணு, அப்படிக் கழிச்சுக் கட்டுனது சிலது திருட்டு வழியா இங்க வந்து, வேற காடியோட நம்பரை மாட்டிக்கிட்டு 'குளோன்' காடியாத் திரியும். விலை பாதிக்குப் பாதின்னா அதுதான். சேசிஸ் நம்பரும் கிரான்ட்ல இருக்குற நம்பரும் ஒத்துப்போகுதான்னு புஸ்பகோம்ல பி5 செக்கப்புல பாப்பாங்க. ஆனா புஸ்பகோம் பாஸுன்னு சொன்னதும் கொட்டு மேளம் அடிக்காதே. ஆளு நெசமான ஆளுதான்னு அவன் சொல்லுவான்; ஆளுக்கு நெஞ்சுவலி இருக்கான்னு சொல்ல மாட்டான்.

நெஞ்சுவலின்னதும் ஞாபகம் வருது. ஒன் காடி இன்ஜினுக்கு எம் 271ன்னு பேரு. நல்ல இன்ஜின், ஆனா ஒரு எடத்துல பலவீனம். உள்ள டைமிங் செயின் ஒண்ணு ஓடுது. அது மேல ரெண்டு கேம் அட்ஜஸ்டர் பல்லுச் சக்கரம். செயின் நாளாக நாளாக நீளும், சக்கரத்துப் பல்லு மழுங்கும். ராத்திரி பூரா நின்ன காடியக் காலையில ஸ்டார்ட் பண்ணுனா, எண்ணெய் பிரஷர் மேல ஏறுறதுக்குள்ள ஒரு கணம், ரெண்டு கணம் 'கடகட'ன்னு தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குற சத்தம் வரும். அப்புறம் அமைதியாயிடும், நீயும் அமைதியாயிடுவ. அங்கதான் ஆபத்து. கவனிக்காம விட்டா ஒரு நாள் செயின் பல்லுத் தாண்டும், வால்வு பிஸ்டன்ல போய் முட்டும். அன்னைக்கு ஒன் காடி மைவி விலை இல்ல, பழைய இரும்பு விலை. எண்ணெயக் கம்பெனி சொல்ற கெடு வரைக்கும் இழுக்காம முன்னாடியே மாத்துனவன் காடியில இந்தச் சத்தம் லேட்டா வரும்; அதனால சர்வீஸ் புத்தகத்துல முத்திரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா விழுந்திருக்குன்னு எண்ணிப் பாரு. தோல் சீட்டைத் தடவிப் பாத்தது போதும்.

இதுக்கு முந்தின 211 பாடிய நீ எடுக்கல, அந்த மட்டும் ஒங்கம்மா கும்பிட்ட மாரியாத்தா காப்பாத்துனா. அதுல ஆரம்பத்துல வந்த காடிகள்ல எலக்ட்ரிக் பிரேக்கு. எத்தனை தடவை மிதிச்சன்னு பம்பு தானே கணக்கு வெச்சிருக்கும். கணக்கு முடிஞ்சா சிவப்பு லைட்டு. 2004லயும் 2005லயும் ஒலகம் பூரா திருப்பிக் கூப்பிட்டுப் பாத்தாங்க. பிரேக் மிதிக்கிறதுக்குக் கோட்டா வெச்ச காடிய நான் வேற எங்கயும் கேள்விப்பட்டதில்ல.

அடுத்து, ரிப்பேர் பாக்குற போமன் விசயம். ஏஜென்சிக்குப் போனா ஏர்கான், சோபா, கோப்பி எல்லாம் ஓசி. பில்லு வரும்போதுதான் அந்தக் கோப்பி எவ்வளவுன்னு தெரியும். தம்போய், பெர்லிங் பக்கமெல்லாம் பென்சே பாத்துப் பழுத்த சீனத் தவுக்கேங்க இருக்காங்க. சனிக்கெழமை போகாதே, சிங்கப்பூர் நம்பர் வரிசை கட்டி நிக்கும், ஒன் ஜே நம்பரு வெயில்ல நிக்கும். போமன் "ஒரிஜினலா, ஓ.இ.எம்.மா, ஹாப்-கட்டா?"ன்னு கேப்பாரு. அப்ப தலைய ஆட்டாம யோசி. போஷ், சாக்ஸ், லெம்ஃபோர்டர்னு பென்சுக்கே சாமான் செஞ்சு குடுக்குற கம்பெனிங்க தன் பேருலயும் பொட்டி போட்டு விக்குறாங்க. நட்சத்திரம் மட்டும் இருக்காது, விலையும் அவ்வளவு இருக்காது. லோவர் ஆர்ம், அப்சோபர், ஃபில்டருக்கு அது போதும். கதவு, லைட்டு, கண்ணாடிக்கு ஹாப்-கட்டு, அதாவது வெளிநாட்டுல பாதியா வெட்டி அனுப்புன காடி. ஆனா செயின், ஓஸ், கேஸ்கெட்டுன்னு தேயுற சாமானைச் செத்த காடியிலேருந்து எடுத்து மாட்டாதே. ஸ்கேன் மிஷின்ல பத்துக் கோளாறு காட்டுதுன்னு பத்துச் சாமானையும் மாத்தச் சொல்ற ஆளுகிட்டேருந்து ஓடி வா. பல சமயம் பேட்டரி ஒண்ணு சோர்ந்திருந்தா பத்து லைட்டும் எரியும்.

இன்சூரன்ஸ்ல வெள்ளத்துக்குத் தனியா எழுதணும், 'ஸ்பெஷல் பெரில்ஸ்'னு. சும்மா 'ஃபுல் கவர்'னு ஏஜெண்டு சொல்றதுல அது கெடையாது. 2023 மார்ச்சுல பத்து பகாட், யோங் பெங், சிகாமட்டு பக்கம் தண்ணி எறங்காம நின்னதை நீதான் பாத்தியே. அப்ப முழுகுன காடிங்க எல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கிற? கழுவிக் காயவெச்சு, வாசனைத் தண்ணி அடிச்சு, ஏதோ ஒரு கடையில சிரிச்சுக்கிட்டு நிக்குது. சீட் பெல்ட்டை முழுசா கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு. அடியில சேத்துக் கோடு ஒளிஞ்சிருக்கும். சீட்டைப் பின்னாடி தள்ளி, கீழ போல்ட்டுல துரு இருக்கான்னு பாரு. அப்புறம் 'பெட்டர்மென்ட்'னு ஒண்ணு. பழைய காடி மோதி, புதுச் சாமான் போட்டா, அதுல ஒரு பங்கு நீதான் குடுக்கணும். அஞ்சு வயசுக் காடிக்கு 15 விழுக்காடுன்னு ஆரம்பிச்சு, பத்து வயசுலேருந்து 40 விழுக்காடு. மைவிக்கும் அதே 40தான். ஆனா மைவி ஹெட்லைட்டுல 40 விழுக்காடும் பென்சு ஹெட்லைட்டுல 40 விழுக்காடும் ஒண்ணா?

பேங்குல எடுத்தா கிரான்ட்ல பேங்கு பேரும் ஒக்காந்திருக்கும். ரெண்டு மாசம் தொடர்ந்து கட்டலேன்னா 21 நாள் நோட்டீஸ் விட்டு இழுத்துக்கிட்டுப் போவான். முக்கால்வாசிக்கு மேல கட்டியிருந்தா மட்டும் கோர்ட்டுக்குப் போய்க் கேக்கணும். அதனால என் கணக்கு இதுதான்: கையில அறுபதாயிரம் இருந்தா நாப்பதாயிரத்துக்குக் காடி பாரு, இருபதாயிரத்தை ஒங்கம்மா பேர்ல போட்டு வை. அவகிட்ட கேட்டு வாங்குறது பேங்குல வாங்குறதைவிட கஷ்டம். அதனால நெசமான ரிப்பேருக்கு மட்டும்தான் எடுப்ப.

வர்ற ஞாயித்துக்கெழமை போய்ப் பாப்போம். ரெங்கம் வந்து என்னை ஏத்திக்கோ. ஒன் பழைய விவாலயே வா, அது ஒரு நாளும் என்னை ரோட்டுல நிப்பாட்டுனதில்ல. குளுவாங் கடைக்காரன்கிட்ட மத்தியானம் வர்றோம்னு சொல்லிட்டு, கடை தொறக்குறப்பவே போய் நிப்போம்; அவன் காடிய முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வெச்சுட்டா, அந்தக் கடகடச் சத்தம் நமக்குக் கேக்காது. நீ போன ஒடனே தோல் சீட்டு, சன்ரூஃபுன்னு வாயத் தொறக்காம, நேரா போய் பானெட்டு மேல உள்ளங்கைய வை. ஜில்லுன்னு இருந்தா சாவியக் கேளு, ஸ்டார்ட் பண்ணு, நான் பக்கத்துல காதைக் குடுத்து நிக்கிறேன். சூடா இருந்தா ஒரு வார்த்தை பேசாதே. "சும்மாதான் வந்தோம் தவுக்கே"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிடுவோம். குளுவாங் ரயில் ஸ்டேஷன் கோப்பிக் கடையில கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம். காசு நீதான் குடுக்குற, பென்சு வாங்குற ஆளு.